கை நனைக்காமல் உள்ளே போன ரத்தம்

மாப்பிள்ளை,

முந்தாநாள் உன் அக்காவுக்கு ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சை வீடு வந்து சேரும்வரை அவள் கீழே போடவில்லை. முழங்கையை மடக்கி அப்படியே பிடித்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தாள். மகன் வண்டி ஓட்டினான். உள்ளே ஸ்பிரிட் வாசம். எனக்கு அந்த வாசம் போதும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ முகமூடி போட்டுக்கொண்டு, கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த கோலம் வந்து நின்றுவிட்டது.

நீ இல்லாமல் போன பிறகு உன்னோடு பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர், மேல்கோட்டை ஊர்க்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மைசூர் விஜயநகர் பார்க்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறார். நான் சொல்வதை ஒழுங்கு பண்ணி எழுதுவார். மற்றவர்கள் பேசின பேச்சில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று கேட்டிருக்கிறேன். எழுத்து தெரியாதவன் நான். கேட்டதெல்லாம் என் தலைக்குள் கேட்ட மாதிரியேதான் கிடக்கிறது. நீயே சொல்லுவாய், "மச்சானுக்கு முன்னால வாயத் தொறக்காதீங்கடா, நாளைக்கு எடுத்து வீசுவாரு" என்று.

நீ போனதிலிருந்து உன் அக்காவுக்கு ஒரே பேச்சு. "என் ரத்தந்தான் அவனக் கொன்னுபோட்டுது." முதலில் அழுதுகொண்டு சொன்னாள். பிறகு அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. கடைசி மகளுக்குப் பிள்ளை பிறந்து வீட்டுக்கு எடுத்து வந்தபோது, மடியில் வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எங்கை வேண்டாம் கண்ணு. உங்கப்பங்கிட்டக் குடு." மகள் முகம் சுருங்கிப் போயிற்று. சுமந்து பெற்று மூன்று பேரை வளர்த்த கை அது.

இப்போது விடாத காய்ச்சல் வந்து ரத்தம் சோதித்தார்கள். கிளினிக்கில் சின்ன வயது டாக்டர், அவளைப் பாட்டி என்று கன்னடத்தில் கூப்பிடுகிறவன். "ஏனூ தொந்தரே இல்ல அஜ்ஜி. ரத்தம் சூப்பரா இருக்கு. இது சும்மா வைரல்" என்று சிரித்தான். இனிமேல் அவள் அந்தப் பேச்சை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன். ஆனால் அதைச் சொல்ல முதலிலிருந்து வர வேண்டும்.

உனக்கு முதலில் வந்தது சோர்வு. ஹனூரில் உன் பட்டுப்புழு வீட்டில் இலைக் கூடையைத் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது என்றாய். பிறகு இடது பக்கம் வயிறு வீங்கத் தொடங்கிற்று. கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சட்டையைத் தூக்கிக் காட்டினாய். "பாருங்க மச்சான். பொம்பளைங்க மட்டுந்தான் சொமக்கணும்னு சட்டமா? எனக்கு இது ஆறாம் மாசம்." டீக்கடைக்காரன் பாலை வெளியே ஊற்றிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

நாம் அந்த டீக்கடையில்தான் பார்த்துக்கொள்வோம், ஏனென்றால் அப்போது உனக்கும் அக்காவுக்கும் பேச்சு கிடையாது. சொந்தம் அவளோடு அறுந்தது. சிநேகம் என்னோடு அறுந்துபோகவில்லை.

உங்கள் அம்மா செத்த அன்று ஆற்றுத் தண்ணீர்த் தகராறில் மாநிலம் முழுக்கக் கடையடைப்பு. மைசூரிலிருந்து ஒரு பஸ்ஸும் ஓடவில்லை. கோடைக்காலம். வைக்க முடியாது, எடுத்துவிடலாம் என்று ஊரில் பெரியவர்கள் சொன்னார்கள், நீ தலையாட்டினாய். மறுநாள் விடிந்து ஒரு தக்காளி லாரியில் ஏறி நாங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ உள்ளே கூப்பிட்டும் உன் அக்கா வாசற்படியில் ஏறவில்லை. தெருவிலேயே நின்று சொன்னாள். "பெத்தவ மொகத்தக் காட்டாத ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேன்." உன் மனைவி, அப்போது இருந்தாள் பாவம், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதையும் வாங்கவில்லை.

நம் பக்கத்தில் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் கிடையாது. யாரும் யாரிடமும் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. எந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொன்னார்களோ, அந்த வீட்டில் ஒரு நாள் இலை போட்டு உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது. அதற்குப் பிறகு பழசை எடுப்பவன் மனுசன் இல்லை. கை வைக்கும்வரை, எத்தனை சிரித்துப் பேசினாலும் சண்டை சண்டைதான். இது உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

உன்னை மைசூருக்கு அழைத்து வந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி உறிஞ்சினார்கள். ஒன்றும் வரவில்லை. இடம் மாற்றிக் குத்தினார்கள். அப்போதும் வரவில்லை. வலியில் உன் உதடு வெளுத்திருந்தது, ஆனாலும் வாய் அடங்கவில்லை. "எங்கூரு போர்வெல்லு மாதிரிங்க டாக்டர். எத்தன குத்தினாலும் வெறும் புகைதான் வரும்."

அந்த டாக்டரம்மா மண்டியாக்காரி. சினிமா பார்த்துக் கற்ற தமிழ். எதையும் மூடி வைக்காமல் சொன்னாள்.

"எலும்புக்குள்ள ரத்தத்துக்குத் தாய் மாதிரி ஒரு அணு இருக்கு அண்ணா. ரொம்பக் கொஞ்சம்தான். அது எப்பவும் வேலை செய்யக் கூடாது. தூங்கணும்."

"தூங்கறதுக்கா? நல்ல உத்தியோகமா இருக்குதே!"

"தூங்கினாத்தான் கடைசி வரைக்கும் வரும். எல்லாம் ஒண்ணா எந்திரிச்சு வேலை செஞ்சா சீக்கிரம் தீர்ந்துடும். அதைத் தூங்க வெக்கறது யாரு? அக்கம்பக்கத்துல இருக்கிற மத்த அணுங்க. கையைப் பிடிச்சு வெச்சுக்கும். ரத்தம் கொட்டினா, காய்ச்சல் வந்தா, வேணுங்கற அளவு மட்டும் எழுப்பும். நீ சிவப்பா மாறு, நீ வெள்ளையா மாறு, நீ இங்கயே இருன்னு சொல்லும். தாய் அணு தனியா எதும் முடிவு பண்றதில்ல. அது இருக்கிற இடம் சொல்றபடிதான்."

"அப்ப, மாமியா ஊட்டுக்கு வந்த புது மருமகளாட்ட."

டாக்டரம்மா சிரித்துவிட்டுச் சொன்னாள். "உங்களுக்கு அதுல ஒண்ணு கெட்டுப்போச்சு. அது அக்கம்பக்கத்தையும் கெடுத்துடுச்சு. இப்ப எலும்புக்குள்ள நார் நாரா கட்டியிருக்கு. அதனாலதான் ஊசியில ஒண்ணும் வரல. அணுவெல்லாம் இருக்க இடமில்லாம மண்ணீரலுக்குக் குடி போயிருக்கு. அதான் வயிறு வீங்குது."

படி இறங்கும்போது நீ என் தோளைப் பிடித்துக்கொண்டாய். கூடு கட்டும் பருவம் வந்து பழுத்த புழுவைத் தட்டில் விட நேரமாகிவிட்டால் அது என்ன செய்யும் என்று கேட்டாய். எனக்குத் தெரியும். சுவரில் ஏறும், தரையில் ஊரும், போகிற வழியெல்லாம் நூலைச் சிந்திவிட்டுக் கடைசியில் கூடில்லாமல் சுருண்டு கிடக்கும். "எனக்குள்ள இப்ப அதுதான் நடக்குதுங்க மச்சான்" என்றாய். அன்றைக்கு மட்டும் நீ வேடிக்கை பண்ணவில்லை.

ஒரே வழி, கெட்டதை மருந்தால் அழித்துவிட்டு வேறொருவருடைய தாய் அணுவை ஏற்ற வேண்டும். உனக்கு வயது கூட, இடமும் கெட்டிருக்கிறது, பிடித்தாலும் பிடிக்கும் பிடிக்காமலும் போகும் என்றார்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் நல்லது. உனக்கு இருந்தது அவள் ஒருத்தி.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவங் கேட்டானா?"

"கேக்கல. கேக்க மாட்டான்."

"கேக்காட்டிப் போகட்டும்." எழுந்து கை கழுவிவிட்டுச் சேலை மாற்றினாள். "எந்த ஆஸ்பத்திரி?"

சோதித்ததில் அவளுடையது உனக்குப் பொருந்திற்று. நீங்கள் இருவரும் ஆஸ்பத்திரி நடையில் பார்த்துக்கொண்ட அந்தக் காலை எனக்கு அப்படியே இருக்கிறது. பல வருசம் கழித்து.

"ஏக்கா, எளைச்சுட்டே."

"நீ மட்டும் ராசாவாட்ட இருக்கறே. வயித்தப் பாரு, பண்ணையக்காரனாட்ட."

அவ்வளவுதான். அம்மா பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. உன் மடியில் கேன்டீன் இட்லி இருந்தது. ஒன்றைப் பிட்டுச் சாம்பாரில் தொட்டு அவளிடம் நீட்டினாய். "ஒரு வாய் தின்னுக்கா." அவள் கை பாதி நீண்டது. பிறகு மடக்கிக்கொண்டாள். "ஆஸ்பத்திரி இட்லியத் தின்னா கை நனைச்சதாகுமா? எந்திரிச்சு ஊட்டுக்கு வா. உங்கூட்டுல வந்து எலை போட்டு உக்காந்து நனைக்கறேன்." நீ சிரித்தாய். "கெடா வெட்டிப் போடறேன். குழம்புல உப்பு பத்தலேன்னு சொல்லாம இருந்தாச் சேரி." நீட்டின துண்டை நீயே வாயில் போட்டுக்கொண்டாய்.

அவளுக்குத் தினமும் ஊசி போட்டார்கள். அக்கம்பக்கம் பிடித்து வைத்திருக்கும் கையை அந்த மருந்து தளர்த்திவிடுமாம். தாய் அணு எலும்பை விட்டு ரத்தத்துக்குள் இறங்கி வருமாம். அவளுக்கு இடுப்பும் நெஞ்செலும்பும் விண்விண்ணென்று தெறித்தன. "உள்ள யாரோ மூட்ட கட்டறாங்களாட்ட இருக்குது" என்றாள். பிறகு ஒரு கையில் ரத்தம் போய், மெஷின் வழியாகச் சுற்றி, இன்னொரு கையில் திரும்ப வந்தது. வடிகட்டிச் சேர்ந்தது ஒரு சின்னப் பை, தண்ணியாகக் கரைத்த தக்காளி ரசத்தின் நிறத்தில்.

அதை உனக்கு ஏற்றும்போது கண்ணாடிக்கு வெளியே நாங்கள் நின்றோம். கையில் ஏற்றுவது எலும்புக்குள் எப்படிப் போய்ச் சேரும் என்று நான் கேட்டேன். அதுவே தேடிக்கொண்டு போகும், யாரும் வழி காட்ட வேண்டாம் என்றாள் டாக்டரம்மா. உன் அக்கா கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னாள். "வழி தெரியாமப் போகுமா? அது அதோட பொறந்த ஊடு."

அந்தச் சொல்லைச் சொன்னவள்தான் இவள்.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். ரத்தத்தில் வெள்ளை அணு ஏற வேண்டும். ஏறவில்லை. கொஞ்சம் ஏறின மாதிரி காட்டிற்று, மகன் இனிப்பு வாங்கிவந்தான். மறுபடி இறங்கிற்று. உனக்கு வாயெல்லாம் புண். தண்ணீர் முழுங்க முடியவில்லை. அப்படியும் போனில் கூப்பிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டிக்கொண்டு பேசினாய். நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போனை வைத்திருந்தேன்.

"மச்சான், அக்கா ரத்தமல்லோ, அதுக்கேத்த வீம்பு. உள்ள வந்துட்டு உக்கார மாட்டீங்குது. வாசல்லயே நிக்குது."

உன் அக்கா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உனக்கு அது தெரிந்திருக்கும், நீயும் தோள் குலுங்கினாய். அது நீ பேசின கடைசிப் பேச்சு என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த நாள் காய்ச்சல், மூச்சுக்குக் குழாய், பிறகு நீ கண் திறக்கவில்லை. அவள் உன்னைத் தொட்டபோது நீ குளிர்ந்திருந்தாய்.

டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். "அக்கா குடுத்ததுல குறையே இல்ல. அது நல்ல அணு. எலும்புதான் அதைப் பிடிச்சுக்கல. நார் அப்படியே இருந்தது, இடம் குடுக்கல." சாவு வீட்டில் இந்தப் பேச்சு எதற்கு என்று அவளிடம் சொல்லாமல் விட்டேன். தன் ரத்தம் கெட்டது என்று அவள் சொல்லும்போதெல்லாம், இல்லை இல்லை என்று மட்டும் சொல்லிவந்தேன்.

முந்தாநாள் கிளினிக்கிலிருந்து வந்த பிறகுதான் முழுதாகச் சொன்னேன். சந்தோசமாகத்தான் சொன்னேன். "கேட்டியா? உன் ரத்தம் சுத்தமா இருக்குது. அப்பவே அந்த டாக்டரம்மா சொன்னா. உன்னுதுல ஒரு குத்தமும் இல்லையாம். அவன் எலும்புதான் எடங் குடுக்கலையாம்."

அவள் முழங்கையைப் பிரித்துப் பஞ்சை எடுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப, கெட்டுப் போகல?"

"இல்ல."

"நல்ல ரத்தந்தான் போச்சு. அவந்தான் வெச்சுக்கல."

"அவனில்ல, அவன் எலும்பு. அது நோவு."

"எலும்பு வேற, அவன் வேறயாங்க?"

அவள் தனக்குத்தானே சொல்வது போல் சொன்னாள். "வாசல்ல வெச்சுக் கூப்புட்டான். நான் போகல. அப்பறம் கை நனைக்காம கொழா வழியா உள்ள போனா, எந்த ஊடு எடங் குடுக்கும்?"

இட்லி நீட்டினானே, மனசில் ஒன்றும் இல்லாமல்தானே நீட்டினான் என்றேன். "நீட்டினான். நான் வாங்கலியே" என்றாள். "அதத்தானே சிரிச்சுக்கிட்டுச் சொன்னான், வாசல்லயே நிக்குதுன்னு."

மாப்பிள்ளை, கெட்ட ரத்தம் என்று நினைத்திருந்தவரை அவளுக்குத் தன்மேல்தான் கோபம். அதோடு மனுசி எப்படியோ நடமாடினாள். இப்போது நீ அவளை வேண்டாம் என்று தள்ளினதாக ஆகிவிட்டது, செத்துப்போன நீ. தள்ளினவன் இருந்தால் போய்ச் சண்டை போடலாம். டாக்டரம்மா சொன்னது அத்தனையும் உண்மை. அந்த உண்மையைத்தான் நான் மருந்து என்று கையில் எடுத்துக் கொடுத்தேன்.

நேற்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். நீ கொள்ளேகாலில் ஒரு முறை என்னிடம், அக்கா மேல் எனக்கு ஒன்றும் இல்லை, அவள் கோபம் நியாயம்தான் என்று சொன்னதாகச் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எப்பச் சொன்னான்? அப்ப என்ன குடிச்சுக்கிட்டு இருந்தீங்க? பக்கத்துல யாரு?" டீ என்று மட்டும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "உங்களுக்கு எதும் மறக்காதுங்கோ. சொல்லியிருந்தா இத்தன வருசம் எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்க மாட்டீங்கோ" என்றாள்.

அவள் சொன்னது சரி. நீ என்னோடு பேசினதையெல்லாம் நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டேன். மழை பேச்சு, பட்டுக்கூட்டு விலை பேச்சு, உன் மகன் திருப்பூரிலிருந்து வராத பேச்சு. அக்கா எப்படி இருக்கிறாள் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறாய். அவள் மேல் கோபம் என்று சொன்னதில்லை. கோபம் இல்லை என்றும் சொன்னதில்லை. நாம் ஆண்பிள்ளைகள், அதையெல்லாம் டீக்கடையில் யார் பேசுவார்கள்?

இன்று மத்தியானம் அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவன் பேசினது ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க. பொய்யில்லாம" என்றாள். குண்டலுபேட்டைச் சந்தையில் நீ மாடு வாங்கப் போய், விற்க வந்தவனுடைய மாட்டுக்கே தரகு பேசி அவனையே திருப்பி வாங்க வைத்த கதையைச் சொன்னேன். நீ கை காட்டினது, துண்டை உதறினது, மாட்டுக்காரன் விழித்தது, ஒன்று விடவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். ஏதோ ஓரிடத்தில் அவள் பெயர் வரும் என்று பார்த்திருப்பாள். வரவில்லை. கதை முடிந்தது. முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள்.

"நாளைக்கு வேற சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனாள்.

சொல்வதற்கு நிறைய இருக்கிறது, மாப்பிள்ளை. எல்லாம் நினைவிருக்கிறது. எதில் என்ன வரும், எதில் வராது என்பதும் இப்போதே எனக்குத் தெரியும்.